சேவூர் பிட்சில் தொடுதிரை மேக்புக் எடுபடுமா?

கிரிக்கெட் ஏலத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே ஸ்டார் ஆட்டக்காரரின் பெயர் அடிபட ஆரம்பித்துவிடும். ஆப்பிளின் அடுத்த தலைமுறை மேக்புக் ப்ரோ விஷயத்திலும் அதுதான் நடக்கிறது. தொடுதிரை மேக் வரப்போகிறது என்று புளூம்பெர்க் செய்தியாளர் மார்க் குர்மன் 2023 ஜனவரியிலேயே எழுதினார். 2025 அக்டோபரில் பட்டியலை நீட்டினார்: ஓஎல்இடி திரை, எம்6 சிப், கேமராவுக்கு நாட்ச்சுக்குப் பதிலாகச் சின்னத் துளை, விரலால் அழுத்தினாலும் ஆடாத கீல். 2026 கடைசியிலோ 2027 தொடக்கத்திலோ களமிறங்கலாம் என்பது அவர் கணிப்பு.

விமர்சகர்களின் ஏசி அறையில் எந்த லேப்டாப்பும் சதம் அடிக்கும். அதனால் பிட்ச்சை நான் மாற்றிக்கொள்கிறேன். ஆரணியை ஒட்டிய சேவூர், பட்டு நெய்கிற ஊர். அங்கே தறிக்கு டிசைன் போட்டுக்கொடுப்பவரின் மேஜையில் இந்த மெஷின் எத்தனை ஓவர் தாங்கும்?

முதலில் அந்த மேஜையில் நடக்கும் வேலை. கடைக்காரரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும். இதே புட்டா, கொஞ்சம் சின்னதாக வேண்டும் என்பார். அதைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக மாற்றவேண்டும். ஒரு கட்டம் என்பது ஒரு பாவு இழையும் ஒரு ஊடையும் சந்திக்கும் இடம். தறியில் ஏறும் ஜக்கார்டு அட்டையில் அந்த இடத்தில் ஓட்டை இருந்தால் பாவு இழை மேலே எழும், இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும். இதழை நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஜரிகை ரொம்ப நீளத்துக்குப் பிடிப்பில்லாமல் மிதந்தால் சேலையில் வளையல் மாட்டி இழுத்துவிடும். அதனால் இதழுக்குள் அங்கங்கே ஒரு புள்ளி வைத்து ஜரிகையை அமுக்கவேண்டும். அந்தப் புள்ளிகள் வரிசையாக அமைந்தால் பூவின் நடுவில் கோடு ஓடியதுபோல் அசிங்கமாகத் தெரியும். கலைத்துப் போடவேண்டும். டிசைனரின் நேரத்தைத் தின்பது இந்தப் புள்ளிகள்தான்.

இதில் வேகத்துக்கு என்ன வேலை? ஒரு கணக்குப் போடுவோம். இழைகளைத் தூக்க 240 கொக்கி உள்ள ஜக்கார்டு பெட்டி, டிசைனுக்கு ஆயிரம் அட்டை. மொத்தம் 2,40,000 இடங்களில் ஓட்டை உண்டு அல்லது இல்லை. கம்ப்யூட்டர் கணக்கில் இது 30,000 பைட். அந்த வாட்ஸ்அப் போட்டோவே பெரும்பாலும் இதைவிடப் பெரிதாக இருக்கும். எம்1 சிப்பில் 1,600 கோடி டிரான்சிஸ்டர், எம்4-ல் 2,800 கோடி. எம்6-ல் இன்னும் ஏறட்டும், வேண்டாம் என்று யார் சொல்வது? சேவூர் ஸ்கோர்போர்டில் அதனால் ஒரு ரன்கூட ஏறாது.

இனி தொடுதிரை. நிமிர்ந்து நிற்கும் திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கை ஓய்ந்துவிடும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 அக்டோபரில் மேடையிலேயே சொல்லி இந்த யோசனையை ஒதுக்கினார். எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் விரலின் பருமன் மேல்தான். ஒரே ஒரு கட்டத்தைத் தட்டவேண்டிய இடத்தில் விரல் ஒரு கொத்துக் கட்டங்களை மூடிவிடும். பெரிதாக்கித் தட்டலாமே என்பீர்கள். பெரிதாக்கினால் கட்டம் தெரியும், பூ மறைந்துவிடும். இதற்குத் தேவை கூர்மையான பேனா. ஐபேடுக்கு அது இருக்கிறது. குர்மனின் மேக் பட்டியலில் பேனா என் கண்ணில் படவில்லை. ஆக, பெரிய விலைக்கு எடுக்கப்போகும் வீரர் இங்கே பந்தையே தொடமாட்டார்.

ஓஎல்இடி பற்றி எனக்கு இரண்டு மனசு. 2024 மே மாதம் ஐபேட் ப்ரோவில் ஆப்பிள் இரட்டை அடுக்கு ஓஎல்இடியைக் கொண்டுவந்தது. வெளிச்சமும் கறுப்பும் பிரமாதம். லேப்டாப் அளவுத் திரைகளுக்காகத் தென்கொரியாவின் ஆசானில் 4.1 லட்சம் கோடி வோன் போடுவதாக சாம்சங் டிஸ்ப்ளே 2023-லேயே அறிவித்தது. அதனால் இதை வெறும் புரளி என்று தள்ள முடியாது. ஆனால் டிசைனரின் திரையில் காலையிலிருந்து இரவுவரை அசையாமல் நிற்பது அதே கட்டக் கோடுகள். ஓஎல்இடிக்கு ஆகாத பந்து அதுதான். நாளடைவில் கோட்டின் தடம் பதிந்துபோகலாம். இரட்டை அடுக்கு அந்த ஆபத்தைக் குறைக்கும், ஒழிக்காது. நிறத்துக்கு வந்தால், மயில்கழுத்துச் சேலை ஒன்றை எடுத்துப் பாருங்கள். பாவு நீலம், ஊடை பச்சை. மடிப்பைத் திருப்பினால் நிறம் ஓடும். எந்தத் திரையிலும் அது நின்ற இடத்தில் நிற்கும். கடைசியில் நூல்கண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் முடிவு.

பேட்டரிக்கு முழு மதிப்பெண். எம்5 மேக்புக் ப்ரோ 24 மணி நேரம் வீடியோ ஓட்டும் என்கிறது ஆப்பிள். அதில் பாதி கிடைத்தாலும் மின்தடை நாளில் வேலை நிற்காது. விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதும் ஃபேன் சத்தமோ, தறிச் சத்தத்துக்கு நடுவில் யார் காதிலும் விழப்போவதில்லை.

பழைய ஃபார்மையும் புரட்டவேண்டும். 2016-ல் ஆப்பிள் டச் பார் என்ற தொடு பட்டையைக் கொண்டுவந்து எச்டிஎம்ஐ துளையை நீக்கியது. 2021-ன் புது மாடல்களில் டச் பார் போனது, எச்டிஎம்ஐ திரும்பியது. டெல் 2022-ல் எக்ஸ்பிஎஸ் 13 பிளஸ்ஸில் மேல்வரிசைச் சாவிகளைத் தொடு பட்டையாக்கியது. 2026 ஜனவரியில் புதிய எக்ஸ்பிஎஸ் அசல் சாவிகளோடு வந்தது. முதல் சீசன் புதுமையைக் கைக்காசு போட்டு வாங்கியவர்கள்தான் இரண்டு முறையும் தண்டம் அழுதவர்கள்.

என் கவலை மெமரி. 2024 அக்டோபரில் ஆப்பிள் அடிப்படை மெமரியை 8 ஜிபியிலிருந்து 16 ஆக்கியது. புட்டா வரைய அது தாராளம். ஆனால் ஏஐ படம் வரைவதை மெஷினுக்குள்ளேயே ஓட்டி, பத்து மாங்காய் டிசைன் போட்டு அதில் ஒன்றைப் பொறுக்க நினைத்தால் மெமரி பற்றாது. அந்த நேரம் பார்த்து டேட்டா சென்டர்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. எம்5 மாடல் அறிமுகமானபோது இந்திய விலை 1,69,900 ரூபாயில் தொடங்கியது. புதுத்திரையும் மெமரி விலையும் சேர்ந்தால் அடுத்தது இரண்டு லட்சத்தைத் தாண்டும் என்பது என் கணிப்பு. 16 ஜிபி அப்படியே நிற்கும்.

இத்தனையும் தாண்டி வாங்கிவிட்டார் என்றே வையுங்கள். ஜக்கார்டு டிசைன் மென்பொருட்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கு எழுதப்பட்டவை. பலவற்றுக்கு யுஎஸ்பி பூட்டுச் சாவி செருகவேண்டும். மேக்கிலேயே விண்டோஸ் ஏற்றிக்கொள்ளும் வசதியோ 2020-ல் எம்1 வந்தபோதே போய்விட்டது. வேறு மென்பொருள் வழியாக விண்டோஸைச் சுற்றிக் கொண்டுவரலாம்; அதற்குத் தனிப் பணம், பூட்டுச் சாவி படியுமா என்ற தலைவலி வேறு. அடுத்த மேக்புக் பற்றி இத்தனை பேச்சு அடிபடுகிறது, இது சரியாகும் என்ற பேச்சு மட்டும் அதில் இல்லை. என் பதினொன்றில் அந்த மேக்புக்குக்கு இடமில்லை. நல்ல மேட் திரையும் 32 ஜிபியும் உள்ள ஒரு விண்டோஸ் மெஷின், மிச்சக் காசில் பேனாவோடு ஒரு வரைபலகை: சேவூருக்கு நான் இறக்குவது இந்த ஜோடியைத்தான்.