ஃப்ரீபிஎஸ்டி 14: எதையும் மறைக்காத கறுப்புத் திரை

இன்றைய லினக்ஸ் டெஸ்க்டாப்களில் பவர் பட்டனைத் தட்டினால் ஒரு சின்னம் சுழலும், பிறகு லாகின் வந்துவிடும். நடுவில் நடந்ததெல்லாம் நமக்குத் தெரியாது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்கு இந்த நாசூக்கு கிடையாது. பழைய திங்க்பேட் ஒன்றில் 14ஆம் பதிப்பைப் போட்டு, செட்டிங் எதையும் தொடாமல், வெறும் கன்சோலிலேயே புழங்கிப் பார்த்தேன்.

முதலில் லோடர் மெனு, 10 விநாடி எண்ணிக்கொண்டு நிற்கிறது. சர்வருக்குச் சரி, லேப்டாப்புக்கு ரொம்ப அதிகம். லோடர்.கான்ஃப் கோப்பில் ஆட்டோபூட்_டிலே மதிப்பை 2 என்று வைத்தால் போதும். மெனுவையே ஒழித்துவிட வேண்டாம். அப்டேட் சொதப்பிய நாளில் சிங்கிள் யூசர் மோடுக்கோ, இசட்எஃப்எஸ்ஸில் சேமித்த பழைய பூட் என்விரான்மென்டுக்கோ போக அதுதான் சுலபமான வழி.

அப்புறம் கொட்டத் தொடங்குகின்றன வரிகள். தொடக்கத்திலேயே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் காப்புரிமை அறிவிப்பு, 1979 முதல் 1994 வரை பல ஆண்டுகளை அடுக்கிக்கொண்டு. பெர்க்லியில் பிறந்த வம்சாவளியை ஒவ்வொரு பூட்டிலும் வாசித்துக் காட்டுகிறார்கள். தேவையா என்றால் இல்லைதான். எனக்குப் பிடித்திருக்கிறது.

உண்மையில் பயன்படுவது நிற வித்தியாசம். கர்னல் எழுதும் வரிகள் பளிச்சென்ற வெள்ளை. சர்வீஸ்களைக் கிளப்பும் ஸ்கிரிப்ட்டுகள் எழுதுவது மங்கிய சாம்பல். ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்யப்போவதாக ஒரு வெள்ளை வரி வரும், அதற்குப் பிறகு சாம்பல் தொடங்கும். பூட் வெள்ளையில் நின்றுபோனால் டிரைவரையோ டிஸ்க்கையோ சந்தேகப்படலாம். சாம்பலில் நின்றால் பெரும்பாலும் ஆர்சி.கான்ஃப் கோப்பில் நாம் எழுதிவைத்த ஏதோ ஒரு வரிதான் குற்றவாளி. நின்ற இடத்தில் கன்ட்ரோல்-டி (D அல்ல, T) தட்டினால் எந்த புராசஸ் எதற்காகக் காத்திருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடும். பலருக்கும் தெரியாத வசதி இது.

பழைய பயனர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஹோஸ்ட்நேமை முழுதாக எழுதாவிட்டால் சென்ட்மெயில் முறைத்துக்கொண்டு பூட்டையே நிறுத்திவைக்குமே, அந்தத் தொல்லை ஓய்ந்தது. 14.0 முதல் டீஃபால்ட் டிஎம்ஏ என்ற சின்ன மெயில் புரோகிராம்தான்.

என் பெரிய புகார் முதல் டெர்மினல் பற்றியது. லாகின் செய்த பிறகும் கர்னல் அங்கேயே பேசிக்கொண்டிருக்கிறது. விஐ-யில் திருத்திக்கொண்டிருக்கும்போது பென்டிரைவைச் செருகினால், நாலைந்து வெள்ளை வரிகள் கோப்பின் நடுவில் வந்து விழும். கோப்புக்குச் சேதமில்லை, கன்ட்ரோல்-எல் தட்டினால் திரை தெளியும். ஆனால் புதிதாக வருபவர் பயந்துபோவார். ஆல்ட்-எஃப்2 அழுத்தி இரண்டாவது டெர்மினலுக்குப் போய்விடுவதே என் பழக்கம். மேலே ஓடிப்போன வரிகளைப் பார்க்க ஸ்க்ரோல் லாக் அழுத்த வேண்டும் என்பது இன்னொரு வம்பு, இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில் அந்தப் பட்டனே இல்லை. நல்லவேளையாக பூட் வரிகள் தனிக் கோப்பாகவும் சேமிக்கப்படுகின்றன.

எழுத்துரு விஷயத்தில் குறை சொல்ல முடியாது. 13ஆம் பதிப்பிலிருந்து திரையின் ரெசல்யூஷனைப் பார்த்து லோடரே அளவைத் தேர்ந்தெடுக்கிறது. லாகின் செய்ததும் வரும் நீண்ட வரவேற்புக் கடிதம் அலுத்துவிட்டால் ஹோம் டைரக்டரியில் .ஹஷ்லாகின் என்று காலிக் கோப்பு ஒன்றை வைத்தால் வாய் மூடிவிடும். உடனே செய்துவிடாதீர்கள். ஹேண்ட்புக் எங்கே, மேனுவலை எப்படித் திறப்பது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

தமிழுக்கு இந்தக் கன்சோல் உதவாது. யூடிஎஃப்-8 புரியும், ஆனால் டீஃபால்ட் எழுத்துருவில் தமிழ் இல்லை. எழுத்துருவை நாமே ஏற்றினாலும் கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும் வேலை அதற்குத் தெரியாது. தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகள் இருந்தால், வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே வந்து, தமிழ் தெரிந்த டெர்மினல் ஒன்றில் பார்த்துக்கொள்ளுங்கள்.