குறுக்கே கடக்கும் தமனிகள்

ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லோரும் ஆசைப்படுவது குழந்தையின் முகத்துக்கு. மூக்கு அப்பா ஜாடையா, பாட்டி ஜாடையா என்று அங்கேயே வழக்கு தொடங்கிவிடும். அந்த முப்பரிமாணப் படம் என்னை அவ்வளவாக இழுப்பதில்லை. மருத்துவரின் கை கருவின் இதயத்தைக் கீழிருந்து மேலாகத் துழாவிப் போகும் கறுப்பு வெள்ளை நொடிகளுக்கே என் ஓட்டு.

திராட்சை அளவு இதயம். நிமிடத்துக்கு 110 முதல் 160 துடிப்பு. குழந்தை முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டால் அம்மாவைச் சற்று நடந்துவிட்டு வரச் சொல்வார்கள். முதலில் நான்கு அறைகள். அங்கிருந்து வயிற்றில் வைத்த ஸ்கேன் கருவியான ப்ரோபைத் தலைப்பக்கமாகத் துளி சாய்த்தால், இடக் கீழறையிலிருந்து பெருந்தமனி கிளம்பி வலப்பக்கம் ஏறுகிறது. இன்னொரு துளி சாய்த்தால், வலக் கீழறையிலிருந்து நுரையீரல் தமனி அதற்கு முன்னால் குறுக்கே போகிறது. படம் ஓடும்போதுதான் இந்தக் கடப்பு பிடிபடும். கையில் கொடுக்கும் அச்சுப்படத்தில் தேடினால் கிடைக்காது.

இன்னும் மேலே மூன்று குழாய்க் காட்சி: நுரையீரல் தமனி, பெருந்தமனி, மேற்பெருஞ்சிரை. பெரியது, நடுத்தரம், சிறியது என்று சாய்ந்த வரிசையில் மூன்றும். 1997இல் ஷி-ஜூன் யூ என்ற மருத்துவரும் சகாக்களும் இதை எளிய சோதனையாக முன்வைத்தார்கள். எண்ணிக்கை, அளவு, வரிசை மூன்றையும் ஒரே பார்வையில் சரிபார்க்கும் இந்தச் சிக்கனம் அபாரம். கலர் டாப்ளரைப் போட்டால் சிவப்பும் நீலமும் வரும். நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று எண்ண வேண்டாம். ரத்தம் ப்ரோபை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதே அந்த நிறங்கள்.

இரு தமனிகளும் அறை மாறி முளைத்த இதயத்தில் நான்கறைக் காட்சி பெரும்பாலும் குறையில்லாமல்தான் இருக்கும். அதோடு நிறுத்திக்கொண்டவர் கோட்டைவிடுவார். மேலே வந்தால் கடப்பைக் காணோம். தமனிகள் இரண்டும் இணையாக ஓடுகின்றன. மூச்சுக்குழாய் மட்டத்தில் இரண்டே குழாய்கள்: முன்னுக்கு வந்துவிட்ட பெருந்தமனி, பக்கத்தில் சிரை. நுரையீரல் தமனி அதற்கும் கீழே ஒளிந்திருக்கும்.

கருப்பையில் இதனால் பெரிய தொல்லை இல்லை. ஆக்ஸிஜன் தொப்புள்கொடி வழியே வந்துவிடுகிறது. பிறந்தபின் இரண்டு சுற்றோட்டங்களும் பிரிந்து போக, குழந்தை நீலம் பாய்கிறது. முன்பே தெரிந்தால் இதய சிகிச்சை உள்ள ஊரிலேயே பிரசவம் வைத்துக்கொள்ளலாம். இரு தமனிகளையும் இணைக்கும் தமனி நாளத்தை மூடாமல் திறந்து வைக்கப் புரோஸ்டாகிளாண்டின் மருந்து தயாராக இருக்கும். இதய மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரைப் பலூனால் திறக்கும், இதய மருத்துவர் ராஷ்கைண்டின் 1966ஆம் ஆண்டு முறையும் கைவசம். பிறகு பிரேசிலின் அறுவை மருத்துவர் அடிப் ஜடேனே 1975இல் சாதித்த அறுவை: தமனிகளை வெட்டி, உரிய அறைகளோடு சேரும்படி மாற்றித் தைப்பது.