மல்லிச் செடியின் அடிமண்

"பூவை யாரும் தின்பதில்லை, வாரம் ஒருமுறை மருந்தடித்தால் என்ன கெட்டுவிடும்?" மல்லித் தோட்டங்களில் மொட்டு ஈக்கு நாள் குறித்து மருந்தடிப்பதை ஆதரிப்பவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு இப்படியொரு வக்காலத்து தேவையில்லை.

மருந்தில் பயனே இல்லை என்று தள்ளிவிட முடியாது. பறக்கும் ஈ சாகிறது; ஊடுருவிப் பாயும் மருந்து மொட்டுக்குள்ளும் ஓரளவு போகும். கிலோ 1,000 ரூபாயைத் தாண்டும் மார்கழி, தை நாட்களில் விவசாயி கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் மாட்டார்.

ஆனால் மருந்து போய்ச் சேரும் இடத்தில் பூச்சி இருப்பதே சில நாள்தான். கொசுவைவிடச் சிறிய அந்த ஈ உயிரோடிருப்பது ஏறக்குறைய 4 நாள். கூட்டைவிட்டு வெளிவருவதோ பொழுது சாய்ந்த நேரத்தில். மொட்டில் முட்டை வைத்தால் அதன் வேலை முடிந்தது. புழு உள்ளேயே 5 முதல் 7 நாள் தின்று வளர்கிறது. ஒரே மொட்டில் 30 புழுவரைகூட இருக்கும். மொட்டு அடிப்பக்கம் வீங்கி, ஊதா பாய்ந்து, விரியாமலே காய்கிறது. வளர்ந்த புழு மண்ணில் விழுந்து, கூட்டுப்புழுவாகி, இரண்டு மூன்று வாரம் அங்கேயே கிடக்கிறது. வாழ்நாளில் பெரும்பகுதி அடிமண்ணில்தான். தெளிப்பான் முனையோ இலையைப் பார்த்தபடி இருக்கிறது.

திங்கட்கிழமை மருந்தடிக்கும்போது மண்ணுக்குள் தப்பிக் கிடந்தது வியாழக்கிழமை மாலை ஈயாகப் பறக்கும். உடனே அளவைக் கூட்டுகிறார்கள், மருந்தை மாற்றுகிறார்கள். மல்லியோ அன்றாடம் விடியலில் பறிக்கிற பூ. மருந்துக்கும் பறிப்புக்கும் நடுவே விடவேண்டிய நாட்களுக்கு எங்கே போவது? தின்பதில்லை என்று வாதாடுகிறவர்கள், பறிக்கிற பெண்களின் விரல்களையும், பூச்சூடியபடியே தூங்கிப்போகும் குழந்தையையும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இது பாதுகாப்பு அல்ல, பிடிவாதம்.

ஹவாயில் இதே ஈ டென்ட்ரோபியம் ஆர்க்கிட் மொட்டுகளைக் கெடுக்கிறது. கெட்ட மொட்டுகளைப் பொறுக்கி அழிக்கச் சொல்வது அங்கே அடிப்படை அறிவுரை. இங்கே எடைக்குக் கூலி வாங்குகிறவர் ஊதா மொட்டைத் தொடுவாரா? அது செடியிலேயே காய்கிறது. புழு கீழே இறங்குகிறது. கவாத்துக்குப் பின் மண்ணைக் கொத்திவிட்டு வேப்பம் பிண்ணாக்கு இடுவதைக்கூட ஆள் கிடைக்கவில்லை என்று தள்ளிப்போடுகிறவர்கள், மருந்தடிக்க மட்டும் எப்படியோ ஆள் பிடித்துவிடுகிறார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கை எடுத்து, பறிக்கிறவர் இடுப்பில் இரண்டாவது பை ஒன்றைக் கட்டி, அதில் சேரும் கெட்ட மொட்டுக்கும் எடை போட்டுக் கூலி கொடுக்கலாம்.