புளூட்டாக் கண்ட அலெக்சாந்தர்

போர்களினும் ஒருவனுடைய சிறு சொல்லும் செயலுமே குணத்தைக் காட்டும் என்பது புளூட்டாக்கின் கொள்கை. கி. மு. 333இல் இஸ்ஸஸ் போரிற் சிறைப்பட்ட தாரியஸின் மனைவியைத் தீண்டாது காத்தமையை அவர் புலனடக்கமெனப் போற்றுகின்றார். உறக்கமும் காமமுமே தான் இறத்தற்குரியவன் என்பதை உணர்த்துவன என அலெக்சாந்தர் கூறியதாக எழுதியவரும் அவரே. புலனடக்கம் என்பதிலும், தேவனாக விழைந்தவனின் அச்சம் என்பதே இக்கூற்றுக்குப் பொருந்தும். ரொக்சானாவை மணந்தது காதலால் என்பவர், அஃது அரசியலுக்கும் உதவிற்றென உடனே ஒப்புகின்றார். கி. மு. 324இற் சூசாவில் தாரியஸின் மகளைத் தான் மணந்து, அவள் சகோதரியைத் தன் ஆருயிர்த் தோழன் ஹெபெஸ்தியனுக்கு மணமுடித்தமையிலோ வேட்கையும் ஆட்சியும் பிரித்தற்கரியனவாயின. அவ்வாண்டிலேயே ஹெபெஸ்தியன் இறக்க, குதிரைகளின் பிடரிமயிரையும் மழிப்பித்தான் மன்னன். அத்துயரம் அறிவுக்கு அடங்கவில்லை என்கின்றார் புளூட்டாக். அறங்கற்பிக்கும் அவசரம் நீங்கிய இப்பகுதியே நூலின் மிகச் சிறந்த இடம்.