இப்போது எதைக் கேட்கின்றோம்?
நாரணாபுரத்திலிருந்து ஓர் இசைத் திறனாய்வு

ஆயர்கள் இருவர் சந்திக்கும்போது, ‘இப்போது என்ன வாசித்துக்கொண்டிருக்கின்றீர்கள்?’ என்று ஒருவரையொருவர் வினவுவது நம்மிடையே நல்ல வழக்கமாக இருந்து வருகின்றது. ‘என்ன கேட்டுக்கொண்டிருக்கின்றீர்கள்?’ என்று வினவுவார் அரியர். இசை பாடகர் குழுவின் பொறுப்பு என்றோ, ஆயருக்கு அது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்றோ எண்ணிவிடுகின்றோம் போலும். விசுவாசம் செவி வழியே வருகின்றது என்று பவுல் உரோமருக்கு எழுதியதை விளக்கி ஆண்டுதோறும் பிரசங்கிக்கின்ற நாம், செவியைப் பயிற்றுவது பற்றி இறையியல் கல்லூரியிலும் பேசுவதில்லை, குருசேகரத்திலும் பேசுவதில்லை.

சிவகாசியை ஒட்டியுள்ள நாரணாபுரத்தில் நாம் சிலர், ஞாயிறு மாலைகளில் கூடிப் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டு வருகின்றோம். பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆலையிலும் அச்சகத்திலும் வேலை செய்வோர் வருகின்றனர். விடுமுறைக்கு வரும் இறையியல் மாணவரும் சேர்ந்துகொள்வதுண்டு. இவ்வூரில் ஒலியே தொழில் என்பதை வாசகர் நினைவிற் கொள்ளவேண்டும். எங்கோ ஒரு கோயில் திருவிழாவிலும் திருமணத்திலும் வெடிக்கப்போகும் ஓசையை இங்குள்ளோர் காகிதத்தில் சுருட்டித் திரி வைத்து அனுப்புகின்றனர். தாம் அடைத்து அனுப்பும் ஓசையைத் தம் ஊரில் கேட்க நேர்ந்தால் அவர்களுக்கு அது கொண்டாட்டம் அன்று. இத்தகைய செவிகளோடு உட்கார்ந்து கேட்டவற்றைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதுகின்றோம்.

பல வாரங்களாக நம்மைப் பிடித்து வைத்திருப்பது பாக் அவர்களின் ‘மத்தேயு பாடுகள்’. 1727ஆம் ஆண்டின் பெரிய வெள்ளியன்று இலைப்சிக்கு நகரின் தோமா ஆலயத்தில் இது முதன்முறை பாடப்பெற்றதாக அறிஞர் கொள்வர். பின்னர் நெடுங்காலம் உலகம் அதனை மறந்திருந்தது. 1829இல் இளைஞரான மெண்டல்சன் பெர்லினில் அதனை மீண்டும் அரங்கேற்றினார். நாம் கேட்பவை இரண்டு ஒலிப்பதிவுகள். ஒன்று, வில்லெம் மெங்கல்பெர்க் 1939ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள், குருத்தோலை ஞாயிறன்று, ஆம்ஸ்டர்டாமில் நடத்திய நிகழ்ச்சி. மற்றொன்று, நிக்கோலாவுஸ் ஆர்னோன்கூர் 1970இல் பாக் காலத்து இசைக்கருவிகளைக் கொண்டும் சிறுவர் குரல்களைக் கொண்டும் பதிவு செய்தது.

இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவு சிறிதன்று. ஆர்னோன்கூரின் பதிவில் ஒவ்வொரு குரலும் தனித்துத் தெளிவாக நிற்கின்றது. நடையில் மிடுக்கு உண்டு. எழுதியவரின் கருத்தை அறிய விரும்பும் மாணவருக்கு இதனையே பரிந்துரைப்போம். மெங்கல்பெர்க்கோ பல பாடல்களை வெட்டி எறிந்துவிட்டார். எஞ்சியவற்றையும் மிக மெதுவாக நடத்துகின்றார். பெருங்குழு ஒரு கனத்த தேரைப் போல் நகர்கின்றது. இன்றைய திறனாய்வாளர் பலர் இம்முறையை ஏற்பதில்லை. அவர்கள் கூறுவது சரியே. ஆயினும் பேதுரு மறுதலித்து மனங்கசந்து அழுதபின் வரும் அந்தத் தனிப்பாடலில், வயலினும் பெண்குரலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நடக்கும்போது, நம் அறையில் எவரும் அசையவில்லை. அரங்கில் இருந்தோர் விம்முவதும் அப்பதிவில் கேட்கின்றது என்பர். போர் தொடங்குவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு நகரம் கூடி அழுததன் பதிவு அது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது முறையன்று. நாட்டைக் கைப்பற்றிய செருமானிய ஆட்சியோடு மெங்கல்பெர்க் இணங்கிப்போனார். 1945இல் அவர் தம் நாட்டில் இசை நடத்துவது தடைசெய்யப்பட்டது. தடை நீங்கும் முன்னரே 1951இல் சுவிட்சர்லாந்தில் இறந்தார். மறுதலித்தவனின் கண்ணீரை இவ்வளவு ஆழமாக உணர்த்தியவர் தம் காலத்துச் சோதனையில் எவ்வாறு நின்றார் என்பதை அறிந்தபின் அப்பாடல் வேறுவிதமாகக் கேட்கின்றது. பதிவை ஒதுக்கிவிட வேண்டும் என்று மாணவர் ஒருவர் வாதிட்டார். ஒதுக்குவதை நாம் ஏற்கவில்லை. ஆனால் இவ்வரலாற்றைச் சொல்லாமல் அதனை எவருக்கும் போட்டுக் காட்டுவதுமில்லை.

நாரணாபுரத்துச் செவிகள் நமக்குக் கற்றுத்தந்தது வேறோர் இடத்தில். கெத்செமனேயில் இயேசு கட்டுண்டு போகும்போது இரு பெண்குரல்கள் தாழ்ந்து புலம்புகின்றன. உடனே இரு பாடகர் குழுக்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய்ந்து, இடியையும் மின்னலையும் பாதாளத்தையும் அழைத்து, காட்டிக்கொடுத்தவனை விழுங்கச் சொல்கின்றன. இசை நூல்கள் இதனைப் பாக்கின் வல்லமைக்குச் சான்றாகப் புகழ்கின்றன. நம் அறையிலோ இப்பகுதி தொடங்கியதும் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பெப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மீண்டும் பலர் மாண்டனர். இடியையும் நெருப்பையும் நீதியின் கருவியாக அழைக்க இம்மக்களுக்கு மனம் வராது. அந்த நெருப்பு குற்றவாளி யார் என்று பார்த்து விழுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதன்பின் பாக் செய்திருப்பதைக் கவனிக்க வேண்டும். குழுவின் சீற்றம் அடங்கியதும் வானம் ஒன்றும் செய்வதில்லை. நற்செய்தியாளனின் குரல் அமைதியாகத் தொடர்கின்றது: ஒருவன் பட்டயத்தை உருவுகின்றான், இயேசு அதனை உறையில் போடச் சொல்கின்றார். விசுவாசிகளின் கோபத்தை முழு வேகத்தோடு பாடவிட்டு, அதற்கு ஆண்டவர் தரும் மறுப்பையும் அடுத்தபடியாக வைத்திருக்கின்றார் பாக். இந்தத் தொடர்ச்சி விளக்கவுரை நூல்களைக் காட்டிலும் அந்த அம்மையாரின் முகத்திலிருந்தே நமக்குப் புலப்பட்டது.

மற்றொரு வியப்பும் உண்டு. முள்முடி சூடிய திருமுகத்தைப் பாடும் ஞானப்பாட்டின் மெட்டை இப்படைப்பில் பாக் ஐந்து முறை கையாளுகின்றார். அது ஒலித்ததும், பாக்கின் பெயரையே கேட்டிராத நம் சபையார் உடன்பாடத் தொடங்கினர். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்திறங்கிய செருமானிய அருட்பணியாளரின் வழியில் தமிழுக்கு வந்த பாடல் மரபு அது. அவ்வாண்டில் பாக் ஆர்ன்ஸ்டாட் நகரில் இருபத்தொரு வயது ஆர்கன் இசைஞர். அம்மெட்டு முதலில் ஆன்ஸ் இலியோ ஆஸ்லர் என்பவர் 1601இல் வெளியிட்ட காதற்பாட்டுக்கு உரியது என்று சொன்னபோது சிலர் முகம் சுளித்தனர். ‘இது சினிமா மெட்டு’ என்று இளைஞரின் பாடல்களைத் தள்ளிவிடும் மூப்பர்கள் இச்செய்தியைச் சற்றே சிந்திப்பது நலம்.

ஆல்பர்ட் சுவைட்சர் 1935, 1936ஆம் ஆண்டுகளில் இலண்டனிலும் ஸ்திராஸ்பூர்கிலும் பதிவு செய்த பாக்கின் ஆர்கன் இசையையும் கேட்டோம். ‘வரலாற்று இயேசு’ பற்றிய நூலுக்காகவே அவரை அறிந்த மாணவருக்கு இது நல்ல அறிமுகம். இசையென்ற அளவில் நம்மை அது அதிகம் தொடவில்லை.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் தோடி இராக ஆலாபனை, பக்கத்துக்கு மூன்று நிமிடம் அளவே ஓடும் பழைய இசைத்தட்டுகளில் கிடைக்கின்றது. ஓர் இராகத்தை மணிக்கணக்கில் வாசித்தவர் மூன்று நிமிடத்துக்குள் எதைச் சொல்ல முடியும்? எதை விடுவது என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதே விடை. நீண்ட ஒரு காந்தாரத்தில் நின்று அதனைச் சிறிதே அசைக்கின்றார். அந்த அசைவிலேயே தோடி முழுவதும் வந்துவிடுகின்றது. ‘இதில் செய்தி என்ன?’ என்று மாணவர் கேட்டனர். சொல் இல்லாத இடத்தில் நம் புராட்டஸ்தாந்து மனம் தடுமாறுவது இயல்பே. சங்கீதங்களில் சொல்லற்ற பெருமூச்சுக்கும் இடமுண்டு என்று மட்டும் விடையிறுத்தோம்.

கையில் நாதஸ்வரம் ஏந்தியவரை வாயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்த சமுதாயத்தில், தமக்கும் தம் கலைக்கும் மதிப்பைக் கேட்டுப் பெற்றவர் இராஜரத்தினம். தாழ்ந்த சுருதியில் நீண்ட குழல் வேண்டுமென்று அவர் நாடியபோது, நரசிங்கன்பேட்டை ஆசாரியார் ஒருவர் கடைந்து தந்த பாரி நாயனமே பின்னர் எங்கும் பரவியது. அவருடைய மாணவர் காருகுறிச்சி அருணாசலம் நமக்கு இன்னும் அருகில் உள்ளவர். கோவில்பட்டியில் வாழ்ந்து 1964இல் மறைந்தார். ‘கொஞ்சும் சலங்கை’ படப்பாட்டின் வழியே அவரை எல்லோரும் அறிவர். குழைவில் ஆசிரியரை மிஞ்சுகின்றார் என்று நம்மிற் சிலர் கருதுகின்றனர். கம்பீரத்தில் ஆசிரியரே மேல்.

இவற்றைக் கேட்ட செவியோடு நம் கீர்த்தனை ஒலிப்பதிவுகளுக்குத் திரும்பினால் ஏமாற்றமே மிஞ்சுகின்றது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலியோரின் கீர்த்தனைகளை மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் 1853இல் தொகுத்து அச்சிட்டார். இன்றுவரை நம் கீர்த்தனை நூல்களில் ஒவ்வொரு பாடலின் தலைப்பிலும் இராகமும் தாளமும் குறிக்கப்படுகின்றன. ஆனால் இன்று வெளிவரும் பதிவுகளிற் பல, முகாரியையும் செஞ்சுருட்டியையும் ஒரே விசைப்பலகையின் ஒரே தாளப்பெட்டியில் அடைத்து, எதிரொலியை ஏற்றி, இராகத்தை அச்செழுத்தாக மட்டும் விட்டுவைக்கின்றன. துக்க வீட்டில் பாட வேண்டிய பாடலும் பண்டிகைப் பாடலும் ஒரே நடையில் ஓடுகின்றன. விபத்தில் இறந்தோரை அடக்கம் செய்யும் ஊரில் இது வெறும் இரசனைக் குறை அன்று.

2018 ஆகஸ்டில், கிறிஸ்தவப் பாடல்களைக் கருநாடக இசையில் பாடுவதாக இசைவாணர் சிலர் மிரட்டப்பட்டதும், ஓ. எஸ். அருண் ஒரு நிகழ்ச்சியிலிருந்து விலகியதும், டி. எம். கிருஷ்ணா மாதந்தோறும் இயேசுவையோ அல்லாவையோ பாடும் பாடல் ஒன்றை வெளியிடுவதாக அறிவித்ததும் வாசகர் அறிந்தவையே. அப்போது நம்மவர் ஆபிரகாம் பண்டிதரையும் அவருடைய 1917ஆம் ஆண்டின் ‘கருணாமிர்த சாகர’த்தையும் நினைவுகூர்ந்து உரிமை கோரினர். உரிமை உண்மைதான். ஆனால் அந்நூலைத் திறந்தவர் எத்தனை பேர்? இராகம் கேட்கும் பழக்கம் இல்லாதவர்கள் இராகத்தின்மீது கோரும் உரிமை, பயிரிடாத நிலத்துக்குப் பட்டா கேட்பதை ஒக்கும்.

எதிர்த் திசையிலிருந்து வரும் வினாவே கடினமானது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்து, ‘பரட்டை’ என்ற பெயரில் பாடிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005), கருநாடக இசை சாதிப் பெருமையைச் சுமந்து வருகின்றது என்றும், மக்கள் தாமே மாற்றிப் பாடக்கூடிய கிராமிய இசையே விடுதலையின் இசை என்றும் வாதிட்டார். இதனை எளிதாகத் தள்ள இயலாது. சாஸ்திரியார் 1820களின் இறுதியில் அருட்பணியாளரை எதிர்த்து எழுதியவற்றில், தமிழிசைக்கான வாதமும் திருவிருந்தில் சாதி வேறுபாட்டைக் காக்கும் வாதமும் ஒன்றாகவே வருகின்றன. வழிபாட்டில் சபையார் வாய்திறந்து பாடுவதற்கு அப்பாவுவின் வழியே சிறந்தது என்று நாமும் கருதுகின்றோம். ஆனால் பாடுவது வேறு, கேட்பது வேறு. தோடியை அடைந்தவர்கள் அனைவரும் அதிகாரத்தின் பக்கம் நின்றவர் அல்லர் என்பதற்கு இராஜரத்தினத்தின் வாழ்வே சான்று. அரிய கலையைத் தொழிலாளிக்கு ஏற்றதன்று என்று நாமே ஒதுக்கினால், அதுவும் ஒரு வேலியே.

நம் கூட்டத்தில் இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. வரும் வாரங்களில் அப்பாவுவின் பாடல்களையும் காருகுறிச்சியாரின் வாசிப்பையும் ஒரே மாலையில் அடுத்தடுத்து வைத்துக் கேட்க எண்ணியுள்ளோம். தத்தம் குருசேகரங்களில் எதைக் கேட்டு வருகின்றனர் என்பதை வாசக அன்பர்கள் எழுதி அனுப்புவாராயின் அதனையும் சேர்த்துக்கொள்வோம்.