பால் பன்யன் சிலையும் போலி வழக்காறும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபுறத்தே உள்ள மினசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி என்னும் ஓர் ஊர் உளது. மிசிசிப்பி ஆறு தோன்றும் இத்தாஸ்கா ஏரிக்கு அணித்தாய், அவ்வாற்றின் கரையில் முதற்கண் அமைந்த நகர் இதுவே. ஊரின் பெயரையே தாங்கிய ஏரி பின்னிற்க, சாலையிற் செல்வார் காணுமாறு, 18 அடி உயரமுள்ள மரவெட்டி ஒருவனது சிலை நிற்கின்றது. அதன் மருங்கே நீல வண்ணம் பூசிய எருது ஒன்று நிற்கின்றது. மரவெட்டியின் பெயர் பால் பன்யன். எருதின் பெயர் பேப். 1937-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், குளிர்கால விழாவொன்றின் பொருட்டு ஊரார் இவ்விரண்டையும் செய்துவைத்தனர். வண்டியேறி வரும் விருந்தினரைத் தம் ஊர்க்கு ஈர்த்தலே அவர்தம் நோக்கம். அதனை அவர் மறைத்தாரும் அல்லர்.

பன்யன் என்னும் பெயரைத் தமிழ் கற்றார் இரட்சணிய யாத்திரிகத்தின் முதனூலாசிரியர் பெயராக அறிவர். அவர் வேறு, இவன் வேறு. இவன் நூல் இயற்றியவன் அல்லன். பிறர் இயற்றிய கதைகளில் வாழ்பவன்.

சாலையோரத்துப் பேருருவங்கள் திறனாய்வுக்கு உரியவையோ என்று வினவுவார் உளர். வணிகர் வைத்த விளம்பரப் பதுமைகள் என்று அவற்றை ஒதுக்குதல் எளிது. நாட்டார் வழக்காற்றை ஆராயும் அறிஞரே இவற்றை முதற்கண் ஒதுக்கினர். அவருள் தலையாயவர் ரிச்சர்டு டார்சன். 1950-ஆம் ஆண்டில் ஒரு திங்களிதழில் எழுதிய கட்டுரையில், வாய்மொழியாக வழங்கும் மெய்வழக்கினின்றும் எழுத்தாளரும் வணிகரும் புனைந்து 'மக்கள் வழக்கு' எனப் பெயரிட்டு விற்பதனைப் பிரித்து, பின்னதற்குப் போலி வழக்காறு எனப் பொருள்படும் ஒரு புதுச்சொல்லை அவர் படைத்தார். அப்போலிக்கு அவர் காட்டிய முதற்சான்று பால் பன்யனே. அக்கூற்று எத்துணை ஏற்புடைத்து என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

கதையின் வரலாற்றை நோக்குமிடத்து டார்சன் பக்கமே வலிமை மிகுதியும் உளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மரவெட்டிகளின் குடில்களிற் பன்யனைப் பற்றிய சில துணுக்குகள் வழங்கியிருத்தல் கூடும். ஆயின் அவை பரந்து வளர்ந்தது அச்சின் வழியே. 1910-இல் டெட்ராய்ட்டு நாளிதழ் ஒன்றில் ஜேம்ஸ் மெக்கிலிவ்ரே என்பார் ஒரு கதை வெளியிட்டார். 1914-இல் ரெட் ரிவர் மர வணிக நிறுவனத்துக்காக வில்லியம் லாஃகெட் என்பார் சிறு விளம்பரச் சுவடியொன்று எழுதிப் படமும் வரைந்தார். பலகை வாங்குவோர்க்கு அனுப்பப்பட்ட சுவடி அஃது. பின்னர் 1924-இல் எஸ்தர் ஷெப்பர்டும், 1925-இல் ஜேம்ஸ் ஸ்டீவன்சும் நூல்களாக விரித்தனர். லாஃகெட் தாமும் இளமையில் மரவெட்டிக் குடில்களில் உழைத்தவர். ஆதலின் அவர் கேட்டது எவ்வளவு, கூட்டியது எவ்வளவு எனப் பிரித்தல் அரிது. எவ்வாறாயினும், நாடு முழுதும் அறிந்த பன்யன் பலகை விற்கப் பிறந்த பன்யனே என்பதில் ஐயமில்லை.

இத்துணையும் டார்சனொடு யாம் உடன்படுகின்றோம். நூல்களைப் பற்றி அவர் கூறியது சரி. ஆனால் நூலுக்குக் கூறிய தீர்ப்பினைச் சிலைக்கும் அவ்வாறே நீட்டுதல் பொருந்தாது. நூல் படிப்போனோடு முடிந்துவிடும். சிலையோ ஓர் ஊரின் நடுவே மழையிலும் பனியிலும் நிற்பது. அதனைச் சுற்றி நாடோறும் பேச்சு எழும். பிறப்பினால் மட்டும் அதனை மதிப்பிடுதல் ஆகாது.

முதலிற் சிலையின் குறையைக் கூறுவோம். பன்யன் கதைகளின் உயிர் உயர்வு நவிற்சி. அவன் நடந்த அடிச்சுவடுகளில் நீர் நிரம்பி மினசோட்டாவின் ஏரிகள் ஆயின என்பர். அவனது சமையற்கல் எத்துணைப் பெரிதெனின், அதற்கு நெய் பூசுதற்குச் சிறுவர் தம் காலிற் பன்றிக்கொழுப்பைக் கட்டிக்கொண்டு அதன்மேற் சறுக்கி ஓடினராம். ஒரு குளிர்காலத்திற் பேசிய சொற்களெல்லாம் காற்றில் உறைந்து நின்று, வேனில் வந்தபின் உருகி ஒருங்கே ஒலித்தனவாம். அந்நூல்களின் வரலாறு எவ்வாறாயினும், இவ்வகைப் பேச்சு நாட்டார்க்கு உரியதே. தொல்காப்பியர் உரைநடையின் வகைகளை எண்ணுமிடத்துப் பொய்ம்மொழிக்கும் நகைமொழிக்கும் இடம் வைத்தார். சொல்வோனும் பொய்யென அறிவான், கேட்போனும் பொய்யென அறிவான். அவ்விருவரும் முகம் மாறாது உரையாடுதலே அதன் சுவை.

இவ்வுயர்வு நவிற்சிக்குச் சொல்லில் எல்லை இல்லை. சிமிட்டியில் எல்லை உண்டு. ஏரிகளை மிதித்து உண்டாக்கியவன் பெமிட்ஜியில் 18 அடியாய் நின்றுவிட்டான். அக்கால நகரத் தலைவரின் உடலளவை மும்மடங்காக்கி அவ்வுருவத்தை வகுத்தனர் என்பர். அஃதாவது, பேருருவம் என்பது மூன்றாற் பெருக்கிய நகரத் தலைவரே! கைகள் இரண்டும் விறைத்துத் தொங்குகின்றன. கட்டமிட்ட சட்டையும் மீசையும் வண்ணத்தாலேயே விளங்குகின்றன. சிற்பம் என்னும் முறையிற் புகழத்தக்கது ஒன்றும் அதன்கண் இல்லை. பின்னர் எழுந்த பிற ஊர்ச் சிலைகள் உயரத்தில் இதனை விஞ்சின. மெய்ன் மாநிலத்துப் பேங்கர் நகரில் 1959-இல் வைத்த பன்யன் 31 அடி. ஒரேகான் மாநிலத்துப் போர்ட்லந்து நகரில் அவ்வாண்டே எழுந்த பன்யனும் 31 அடி. கலிபோர்னியாவின் செம்மரக் காட்டோரத்துக் கிளாமத்தில் நிற்பது 49 அடி. அடிக்கணக்கில் நிகழும் இப்போட்டி உயர்வு நவிற்சி அன்று. அளவை நூல் மட்டுமே. கதையிற் பெரியவனை நாட்டில் எத்துணை உயர்த்தினும் அவன் சிறுத்தே தோன்றுவான்.

இவ்விடர்ப்பாட்டைப் பெமிட்ஜி ஊரார் ஒருவாறு உணர்ந்திருந்தனர் என்பதற்கு அவர்தம் எருதே சான்று. 1937-இற் செய்த அவ்வெருது ஒரு மோட்டார் வண்டியின்மேற் கட்டப்பட்டது. தெருவிலே அஃது ஊர்ந்து வந்தது. வண்டிப் பொறியின் புகை எருதின் மூக்குத் துளைகளின் வழியே வெளிப்போந்தது. கண்களில் விளக்குகள் எரிந்தன. பனி உறைந்த தெருவில் நீல எருது ஒன்று புகை கக்கி வரக் கண்ட சிறார்க்கு அதன் உயரம் எத்துணை அடி என்னும் கேள்வியே எழுந்திராது. அசைவும் மூச்சும் உள்ள அப்பொழுது அது கதைக்கு நிகராயிற்று. பின்னர் வண்டி கழன்று எருது பன்யன் அருகே நிலைபெற்றது. 1988-இல் இரு சிலைகளும் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றன. பாதுகாப்பு வந்தது, மூச்சு நின்றது. எருது ஊர்ந்த காலமே இச்சிலைகளின் சிறந்த காலம் என்பது எம் துணிபு.

கதையின் இயல்புக்கு அணுகிய வேறு இரண்டு உருவங்களையும் குறித்தல் வேண்டும். பிரெய்னர்டு ஊரின் பக்கத்தே 26 அடி உயரத்தில் அமர்ந்த கோலத்திலுள்ள பன்யன் வாய் திறந்து பேசும். வரும் குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்கும். வாயிலிற் பெயரைக் கேட்டறிந்து மறைவிலிருந்து ஒருவர் பேசுவதே அதன் நுட்பம். பெற்றோர் அறிவர், குழந்தை அறியாது. பொய்ம்மொழியின் இலக்கணம் முழுதும் இங்கே அமைந்துள்ளது. மற்றொன்று, ரெட் ரிவர் நிறுவனத்தின் அறுவை ஆலை முன்னர் இயங்கிய ஏக்லி என்னும் சிற்றூரில் உளது. அங்குள்ள பன்யன் மண்டியிட்டு ஒரு கையை நிலத்தருகே நீட்டியுள்ளான். வருவோர் அவ்வுள்ளங்கையில் ஏறி அமர்கின்றனர். உயரத்தாற் பெருமை காட்டாது, மனிதன் அமருங் கையால் அளவைக் காட்டிய சிற்பியின் கருத்துப் பாராட்டற்குரியது.

இவற்றிற்கு முற்றும் மாறானவை அச்சில் வார்த்த பேருருவங்கள். 1960-களின் தொடக்கத்தில் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரில், 66-ஆம் எண் நெடுஞ்சாலையோரத்து உணவகம் ஒன்றிற்காகக் கண்ணாடியிழையில் ஒரு பன்யன் வார்க்கப்பட்டான். கோடரி பிடிப்பதற்கு ஏற்ப ஒரு கை மேல்நோக்கியும் மறுகை கீழ்நோக்கியும் அமைந்தன. அவ்வச்சினைக் கலிபோர்னியாவின் வெனிசு நகரிலிருந்த நிறுவனம் ஒன்று வாங்கி, ஏறத்தாழ 20 அடி உயரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட உருவங்களை வார்த்து விற்றது. கோடரி இருந்த கையில் வண்டியின் சைலன்சரைப் பிடிக்கவைத்தார் ஒருவர். அதனாலேயே அவை சைலன்சர் மனிதர் எனப் பொருள்படும் பெயர் பெற்றன. இலினாய் மாநிலத்து வில்மிங்டனில் அதே உருவம் விண்வெளி வீரனாகித் தலைக்கவசமணிந்து ஏவுகணை ஏந்தியது. அம்மாநிலத்து அட்லாண்டா என்னும் சிற்றூரில் நிற்பது இறைச்சித்துண்டு பொதிந்த நீள்ரொட்டியை ஏந்தியுள்ளது. கை மாறவில்லை, கைப்பொருள் மட்டும் மாறியது. எவ்வூரிலும் நிற்கத்தக்கது எவ்வூர்க்கும் உரியதன்று. டார்சன் போலி என்று பெயரிட்டதற்கு யாம் ஓர் எடுத்துக்காட்டுக் கூற வேண்டின் இவற்றையே கூறுவோம். இவற்றிலும் முதுமையடைந்த சிலவற்றை ஊரார் விரும்பிக் காத்துவருதலை யாம் அறிவோம். அவ்விருப்பம் இழந்த சாலைக்கு உரியது, உருவத்துக்கு உரியதன்று.

பெமிட்ஜிச் சிலையைப் போலி எனத் தள்ளாமைக்கு யாம் கருதும் காரணத்தை இனிக் கூறுவோம். சிலை கொண்டாடுவது காடழிப்பினை. வடமினசோட்டாவின் வெண்பைன் மரக்காடுகள் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மிக விரைந்து வெட்டப்பட்டன. சிலை எழுந்தபொழுது அப்பெருங்காடு பெரும்பாலும் முடிந்துபோயிற்று. மரம் போன ஊர் மரவெட்டியைச் சிலையாக்கியது. அக்காடும் ஏரியும் ஒஜிப்வே மக்களுடையவை. பெமிட்ஜி என்பதே நீர் குறுக்காகச் செல்லும் ஏரி எனப் பொருள்படும் அவர்தம் சொல்லினின்றும் வந்தது. வந்தேறியோர் ஏரியின் பெயரை மனிதன் பெயராகப் பிறழக்கொண்டு, அங்கு வாழ்ந்த ஷேனோவிஷ்கங் என்னும் பெரியவரைப் 'பெமிட்ஜித் தலைவர்' என்று அழைத்தனர். 1904-இல் மறைந்த அவர்க்கும் அவ்வேரிக்கரையில் மரத்தாலான உருவம் ஒன்று பின்னர் எழுந்தது. 2015-இல் அவர்தம் உண்மைப் பெயரால், வெண்கலத்தில், தகுதி வாய்ந்த சிலை நிறுவப்பட்டது. இல்லாத மனிதனுக்கு 1937-இலேயே கிடைத்த இடம், இருந்த மனிதனுக்கு இத்துணைக் காலம் கழித்தே செவ்வனே கிடைத்தது. புகைப்படக் கருவியொடு வருவோரிற் பலர் இன்றும் பெரிய உருவத்தையே முதலில் நாடுகின்றனர்.

ஆயினும் ஒஜிப்வே மக்கள் இதனைக் கண்டு வாளா இருந்தாரல்லர். பெமிட்ஜிக்கு வடக்கே ரெட் லேக் என்னும் பேரேரியைச் சூழ்ந்த நிலம் அவருள் ஒரு பிரிவினர்க்கு உரியது. நிலத்தைத் தனித்தனியே கூறுபோட இசையாது பொதுவில் வைத்துக்கொண்டவர் அவர். அவர்தம் தொல்கதைத் தலைவன் நானபோஜோ, வடிவம் மாறவல்லவன், குறும்பன், மக்களுக்குக் காவலன். அந்நானபோஜோ பால் பன்யனை எதிர்த்த கதை ஒன்று அம்மக்களிடை வழங்குகின்றது. பன்யன் காடுகளை வெட்டிக்கொண்டே ரெட் லேக் எல்லைக்கு வந்தான், நானபோஜோ தடுத்தான், நாற்பது பகலும் நாற்பது இரவும் இருவரும் பொருதனர், இறுதியில் நானபோஜோ ரெட் லேக் ஏரியின் வாலை மீன் ஒன்றை எடுத்து அவனை அடித்து வீழ்த்தினான். ஆதலின் அக்காடு பிழைத்தது என்பது கதை.

இதனினும் சிறந்த நகைமொழியை யாம் லாஃகெட்டின் சுவடியிற் காண்கிலேம். கோடரிக்கு எதிர்ப்படை மீன்! அம்மீன் அவ்வேரியினின்றே பிடித்து அம்மக்கள் உண்பது. உயர்வு நவிற்சியாற் காட்டை விழுங்கியவனை அதே உயர்வு நவிற்சியால் அடித்தமை காண்க. அச்சில் தோன்றி, வணிகத்தில் வளர்ந்து, சிமிட்டியில் உறைந்த ஒருவன் மீண்டும் வாய்மொழிக்குள் வந்து சேர்ந்தான். வந்தது வெற்றி பெறுதற்கு அன்று, அடிபடுதற்கு. டார்சன் வகுத்த எல்லைக்கோடு இவ்விடத்து நில்லாது. போலி வழக்காறு என்று அவர் தள்ளியதே மெய்வழக்காறு ஒன்று பிறத்தற்குக் காரணமாயிற்று. இதற்குச் சிலை இன்றியமையாததோ என வினவலாம். நூலை எதிர்த்துக் கதை சொல்வார் சிலரே. ஊர் நடுவே நாடோறும் நிற்கும் உருவத்தை எதிர்த்துச் சொல்வார் பலர்.

அக்கதையின் மற்றொரு வடிவம் சிலையையே சான்றுக்கு இழுக்கின்றது. நூல்களிலும் பிற ஊர்களிலும் பன்யன் பெரும்பாலும் தாடியுடையவன். பெமிட்ஜிச் சிலைக்கோ மீசை மட்டுமே உண்டு. 1937-இற் செய்தோர் ஏன் தாடி வைத்திலர் என்பதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இருந்திராது. நானபோஜோ அவன் தாடியைப் பற்றி இழுத்து, இவ்விடம் விட்டுப் போவேன் என்று சொல்லும்வரை விட்டிலன். ஆதலினாலேயே ஏரிக்கரையில் நிற்பவனுக்குத் தாடி இல்லை என்பர் அக்கதை கூறுவோர்.