பல்குரலுக்கு வெளியே: பக்தின் படித்த தாஸ்தாயெவ்ஸ்கி

தாஸ்தாயெவ்ஸ்கி பற்றிய பக்தினின் நூல் 1929இல் லெனின்கிராடில் வெளியானது, அவர் கைதான சில மாதங்களில். லூனாச்சார்ஸ்கி அதைப் பாராட்டி மதிப்புரை எழுதினார். பக்தின் கஜகஸ்தானுக்கு அனுப்பப்பட்டார். 1963இல் விரிவாக்கப்பட்ட பதிப்பு வந்த பிறகுதான் அந்த நூலுக்குப் பரவலான வாசிப்பு கிடைத்தது. 1990களில் 'பல்குரல்' என்ற சொல் நம் சிறுபத்திரிகைகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது. இப்போது அது வெறும் பாராட்டுச் சொல்லாகிவிட்டது. ஒரு நாவலில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினால் போதும், 'பல்குரல் பிரதி' என்று முத்திரை குத்திவிடுகிறோம். யார் பேசறா, யாருக்குப் பேச வாய்க்கலை என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைப் பக்தினிடமே கேட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் அவருடைய வாதம். குற்றம், அவமானம், கடவுள் மறுப்பு, குழந்தைகளின் துன்பம் என்று தாஸ்தாயெவ்ஸ்கியிடம் திரும்பத் திரும்ப வரும் பொருள்களைப் பட்டியல் போட்டு, அவற்றிலிருந்து ஆசிரியரின் தத்துவத்தைப் பிழிந்தெடுப்பதே முந்தைய விமர்சகர்களின் வேலையாக இருந்தது. ஒருவர் இவானைத் தாஸ்தாயெவ்ஸ்கி என்பார், இன்னொருவர் ஸோசிமாவை என்பார். பக்தின் இந்தச் சண்டையையே தள்ளிவிடுகிறார். திரும்ப வருவது கருத்து அல்ல, ஆசிரியனுக்கும் பாத்திரத்துக்கும் உள்ள உறவு என்கிறார். பாத்திரத்தைப் பற்றிக் கடைசித் தீர்ப்பு சொல்லும் உரிமையை ஆசிரியன் விட்டுக்கொடுக்கிறான். 1846இல் வந்த 'ஏழை மக்கள்' நாவலிலேயே இது இருக்கிறது. ஏழைக் குமாஸ்தா தேவுஷ்கின், கோகலின் 'மேல்கோட்டு' கதையைப் படித்துவிட்டுக் கொதித்துப் போகிறான். தன்னைப் போன்ற ஒருவனை மிச்சம் மீதியில்லாமல் அளந்து எழுதிவிட்டானே என்று அவனுக்கு அவமானம். எழுதப்படுகிறவன் எழுதுகிறவனை எதிர்த்து நிற்கும் இந்த இடத்தைப் பக்தின் பிடித்துக் காட்டியது சாதாரண விஷயமல்ல. பாத்திரத்தின் வர்க்கத்தைச் சொல்லிவிட்டால் பாத்திரத்தையே சொல்லிவிட்டதாக நினைத்த விமர்சனத்துக்கு இதைவிடக் கூர்மையான பதில் கிடையாது.

சரி, ஆனா இந்த உரையாடலுக்குள் நுழைய ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. தன்னைப் பற்றித் தானே பேசத் தெரிந்திருக்க வேண்டும். ரஸ்கோல்னிகவ், ஸ்தாவ்ரோகின், இவான் எல்லோரும் பேசித் தீராதவர்கள். அவர்களைப் பேச வைத்தது எது என்று பார்த்தால், அடியில் பேசாத ஓர் உடல் கிடக்கிறது. பெரும்பாலும் ஒரு பெண், இல்லையென்றால் ஒரு குழந்தை. தாஸ்தாயெவ்ஸ்கியிடம் திரும்பத் திரும்ப வரும் இந்த விஷயம் பக்தினின் கணக்கில் வரவில்லை.

'குற்றமும் தண்டனையும்' (1866) நாவலில் லிஸவேத்தாவைக் கொல்வது ரஸ்கோல்னிகவின் திட்டத்தில் இல்லை, அவன் கோட்பாட்டிலும் அவளுக்கு இடமில்லை. கோடரி ஓங்கும்போது அவள் கத்தவில்லை. இடது கையை மட்டும் மெல்ல முன்னால் நீட்டுகிறாள். ஆனால் சோனியா அவனுக்கு லாசரின் கதையைப் படித்துக் காட்டும் புதிய ஏற்பாடு லிஸவேத்தா கொண்டுவந்து கொடுத்தது. சைபீரியாவில் அவன் தலையணைக்கு அடியில் இருப்பதும் அதே புத்தகம்தான். அந்த முடிவுப் பகுதியை மரபான, ஒற்றைக்குரல் முடிப்பு என்று பக்தின் ஒதுக்குகிறார். அந்த ஒதுக்கலோடு லிஸவேத்தாவின் புத்தகமும் வெளியே போய்விடுகிறது.

'பேய்கள்' நாவலிலிருந்து பத்திரிகை ஆசிரியர் கட்கோவ் நிறுத்திவைத்து, 1922இல்தான் வெளிவந்த அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். சிறுமி மத்ரியோஷாவைச் சீரழித்ததை ஸ்தாவ்ரோகின் எழுதித் துறவி தீகோனிடம் கொடுக்கிறான். பக்தின் அந்த வாக்குமூலத்தின் நடையை அற்புதமாக அலசுகிறார். கேட்பவனை வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே அவனையே எதிர்பார்க்கும் பேச்சு அது. எல்லாம் சரிதான். ஆனால் அந்த அலசலில் இருப்பவர்கள் இரண்டு ஆண்கள், பேசுகிறவனும் கேட்கிறவனும். தூக்கில் தொங்குவதற்கு முன் மத்ரியோஷா வாசலில் நின்று தன் சின்ன முஷ்டியை அவனை நோக்கி ஆட்டுகிறாள். அவனைக் கடைசிவரை துரத்துவது அந்த முஷ்டி. உரையாடல் இலக்கணத்தில் அதை எங்கே வைப்பது?

ஸ்மெர்தியகோவ் விஷயம் வேறு மாதிரி. ஊமைப் பெண்ணின் மகன் அவன், வீட்டுச் சமையல்காரன். அவனுக்குப் பேச்சு உண்டு. இவானுக்குள் மறைந்திருக்கும் குரலைக் கேட்டுச் செயலாக்குகிறவன் என்று பக்தின் அவனை விளக்குகிறார். நுட்பமான வாசிப்புதான். ஆனால் வேலைக்காரனின் பேச்சு எஜமானின் இரண்டாம் குரலாக மாறிவிடுகிறதே! பிறப்பதற்குப் பதில் கருவிலேயே செத்திருக்கலாம் என்று அவன் வேலிப்பக்கம் உட்கார்ந்து சொல்வது இவானின் குரல் அல்ல.

மௌனமும் ஒரு பதில்தானே, 'மறைந்த உரையாடல்' பற்றிப் பக்தினே பேசியிருக்கிறாரே என்று நண்பர்கள் கேட்கலாம். 'சாதுவானவள்' (1876) கதையை வைத்துச் சொல்கிறேன். ஜன்னலிலிருந்து குதித்துச் செத்த மனைவியின் பிணத்தருகே அடகுக்கடைக்காரன் பேசிக்கொண்டே இருக்கிறான். தன் பேச்சின் வழியாகவே அவன் உண்மைக்கு வருவதைப் பக்தின் காட்டுகிறார். ஆனால் மறைந்த உரையாடலில் நமக்குக் கிடைப்பது அவளைப் பற்றிய அவனுடைய ஊகம் மட்டுமே. கதையில் அவனை உலுக்கும் இடம் வேறு. அவன் வீட்டில் இருக்கும்போதே அவள் மெல்லிய குரலில் பாடுகிறாள், அவன் அங்கே இருப்பதையே மறந்தவளாக. அந்தப் பாட்டு யாருக்கும் பதில் இல்லை. அவளுடைய குரல் அவனை நோக்கி வராததுதான் அவனை உடைக்கிறது.

ஆக, பக்தினைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆசிரியனின் அதிகாரத்தை எப்படிக் கேள்வி கேட்பது என்று அவரிடம்தான் கற்றோம். பேசத் தெரிந்த பாத்திரங்கள் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்ளும் அதிகாரம் இன்னொன்று. அதை அவர் தொடவில்லை. அவர் கோட்பாடு தொடாததைத் தாஸ்தாயெவ்ஸ்கியின் நாவல்கள் ஒரு கை, ஒரு முஷ்டி, கைமாறிய ஒரு புத்தகம் என்று எழுதி வைத்திருக்கின்றன.

எல்லாத் தரப்புக்கும் இடம் கொடுத்துவிட்டோம் என்று நாவலாசிரியர்களும், கூட்டம் நடத்துகிற நாமும் சொல்லிக்கொள்கிறோம். ஒடுக்கியவனின் குற்ற உணர்ச்சிக்குப் பத்துப் பக்கம், செத்தவளுக்கு ஒரு வரி என்றால் அதுவும் பல்குரல்தான், பக்தினின் அளவுகோலில் தேறிவிடும். அந்த அளவுகோல் நமக்குப் போதாது. இனி ஒரு நாவலைப் பல்குரல் என்று புகழ்வதற்கு முன், அந்தப் பேச்சையெல்லாம் தொடங்கி வைத்த ஆள் பக்கங்களில் எங்கே இருக்கிறாள் என்று தேடிப் பார்ப்போம்.